அண்ணா சபைக்குப் போகிறார், அம்மாவின் ஆட்டைத் திவசம் வருகிறது: எப்படிக் கதைப்பது?

சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு எழுதுகிறேன். அவர் சொன்னது இது. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய அண்ணா ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். போன வருடம் அம்மா போனபோது, ஒரே மகனாக இருந்தும் கொள்ளி வைக்கவில்லை. சித்தப்பாவின் மகன்தான் வைத்தார். அண்ணா படலைக்கு (வளவு வாசல் கதவுக்கு) வெளியே நின்றுவிட்டுப் போனார். இப்போது ஆட்டைத் திவசம், அதாவது அம்மா போய் ஒரு வருடம் நிறைகிற திவசம், வருகிறது. அதைப் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிறது. "இனிச் சமயம் பற்றி வாயே திறக்காமல் இருக்கிறதோ, இல்லாட்டி உள்ளதைச் சொல்லி நிதானமாகக் கதைக்க வழி ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அண்ணாவை எப்படித் திருப்புவது என்று, தங்கச்சி, நீங்கள் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவர் செய்தது சரி என்றும் எழுதவில்லை. நீங்கள் நம்புவதை நீங்கள் விடாமல், அவர் நம்புவதை அவர் விடாமல், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்க முடியுமா என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அப்படி விளங்கிக்கொண்டே பதில் சொல்கிறேன். பிழை என்றால் திருத்துங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். (உங்கள் அண்ணா போவதும் சபை, நான் போவதும் சபை. என் சபையில் பாட்டு இல்லை, அவ்வளவுதான்.) தெரியாதவர்களுக்கு: இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஏற்பாடு இது. சில வகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போக முன்னம் எங்களிடம் வர வேண்டும். அங்கே சட்டத்தரணி இல்லை, தீர்ப்பும் இல்லை. இரண்டு தரப்பையும் இருத்திக் கதைக்க வைப்பது மட்டுமே எங்கள் வேலை. இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். சமயம் மாறியதைப் பிணக்கு என்று யாரும் கொண்டு வருவதில்லை. வேலி, ஒழுங்கை, கைமாற்றுக் காசு, லவுட்ஸ்பீக்கர் என்று வருவார்கள். கொஞ்சம் கிண்டினால் அடியில் சமயம் கிடக்கும். இன்னும் கிண்டினால் அதற்கும் அடியில் வேறொன்று கிடக்கும். நான் சைவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு நடுநிலை பேசினாலும் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிந்துகொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல். எங்கள் ஊரில் கதைக்கிறது வேறு, பேசுகிறது வேறு. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு ஆசிரியைக்கு இதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு நினைவிருக்கிறது. "அம்மா பேசினா" என்று ஒரு பிள்ளை அழுதால், அம்மா ஏசினா என்று பொருள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நீங்களும் அண்ணாவும் இந்த ஒரு வருடமாகப் பேசியிருக்கிறீர்கள், கதைக்கவில்லை. அவர் "விக்கிரகம்" என்று தொடங்குகிறார், நீங்கள் "அம்மாவின்ரை ஆத்மா" என்று மறிக்கிறீர்கள். இருவரும் மற்றவர் சொல்லி முடியுமட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவ்வளவுதான். அதைக் கேட்பது என்று சொல்ல முடியாது.

லவுட்ஸ்பீக்கர் கதை ஒன்றைச் சொல்கிறேன், ஆட்களின் அடையாளத்தை மாற்றி. ஒரு வைரவர் கோயிலுக்கும் பக்கத்து வளவில் இருந்த ஜெபக்கூடத்துக்கும் பிரச்சினை. விடியப்புறம் இவர்கள் பாட்டுப் போடுகிறார்கள் என்று அவர்கள், ஞாயிறு காலையில் அவர்கள் கீபோர்ட் அடிக்கிறார்கள் என்று இவர்கள். இரண்டு அமர்வு டெசிபெல் கணக்கிலேயே போனது. மூன்றாம் அமர்வில் கோயில் தரப்புப் பெரியவர் திடீரென்று, "இவன்ரை தகப்பன்ரை செத்தவீட்டுக்கு நான் பறை சொல்லி, பந்தல் போட்டு எல்லாம் செய்தனான். என்ரை மனுசியின்ரை செத்தவீட்டுக்கு இவன் வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை" என்றார். எதிரில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "வந்தனான் அண்ணை. விபூதியை நீட்டினாங்கள். வாங்காட்டி உங்களை அவமதிச்சது, வாங்கினா என்ரை ஆண்டவரை. அதாலை திரும்பிப் போட்டன்" என்றார். ஏழு வருடம் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி நேரத்தைப் பிறகு பத்து நிமிடத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். இவர் சைவத்தை விடவில்லை, அவர் சபையை விடவில்லை. விபூதித் தட்டோடு வாசலில் நிற்கும் பெடியனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் ஏழு வருடக் கோபம் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் அண்ணா படலைக்கு வெளியே நின்றார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். வராமல் விட்டவர் வேறு, வந்து வெளியே நின்றவர் வேறு. அங்கே நின்றபோது அவருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டதாக எழுதவில்லை.

இனி, நல்ல மனத்தோடு நாங்கள் செய்யும் ஒரு பிழை. "எல்லா மதமும் ஒண்டுதானே அண்ணா, ஒரு விபூதி பூசினா என்ன குறைஞ்சு போகும்?" இதைச் சமாதானம் என்று நினைத்துச் சொல்கிறோம். கேட்பவருக்கு அது அடி. சொந்தக்காரர் முகம் கொடுக்காமல், கலியாண வீடுகளில் ஓரமாக இருத்தப்பட்டு, ஒரு விலை கொடுத்து ஒருவர் ஒரு வழிக்குப் போயிருக்கிறார். அவரிடம் போய் இரண்டும் ஒன்றுதான் என்றால், நீ கொடுத்த விலை வீண், உனக்கு விளங்கவில்லை என்று சொல்வதுதான். அவருடைய விசுவாசத்தின் நடுவே இருப்பதே வேறொருவரை வணங்கமாட்டேன் என்பதுதான். அதை எடுத்துவிட்டால் அது அவருடைய விசுவாசம் அல்ல. பகிடி என்னவென்றால், எல்லாம் ஒன்று என்பது சைவ சித்தாந்தமும் அல்ல. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தைத் திறந்து பாருங்கள். உலோகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு மதங்களை அருணந்தி சிவாசாரியார் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். ஒன்று என்று அவர் நினைத்திருந்தால் அவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை.

அந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது மறுப்பு அல்ல, அதற்கு முன் வருவது. ஒவ்வொரு மதத்துக்கும் முதலில் அந்த மதக்காரன் சொல்வது, அதன் பிறகுதான் மறுதலை. கடவுளே இல்லை என்கிற உலோகாயதனுக்கும் அந்த இடம் உண்டு. மணிமேகலையிலும் பாருங்கள்: வஞ்சி மாநகரில் அவள் சமயக்கணக்கர் (பல மத வாதிகள்) ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் திறத்தைக் கேட்கிறாள். தன் வழியை அவள் எடுப்பது அதற்குப் பிறகு. அந்த மணிமேகலை மணிபல்லவத்துக்கு வந்தாள் என்பார்கள், மணிபல்லவம் நயினாதீவு என்பது எங்கள் ஊர் வழக்கு. இன்றைக்கும் அந்தத் தீவில் நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ஆகவே மாற்றான் கருத்தை முதலில் முழுதாகச் சொல்வது மேல்நாட்டுப் பயிற்சிக் கையேட்டில் இருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். வாதத்தில் எங்கள் பழையவர்கள் கைக்கொண்ட முறை அது. மத்தியஸ்தப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்ததும் ஏறத்தாழ இதுவே: ஒருவர் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டும், அவர் "ஓம், அதுதான்" என்னும் வரைக்கும் அடுத்த அடி வைக்கக் கூடாது.

செய்து பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று தெரியும். "அப்ப, நாங்கள் கும்பிடுறது பேய் என்கிறீங்கள்" என்பது திரும்பச் சொல்வது அல்ல, குத்துவது. "அம்மா போனபிறகு அவவுக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒண்டும் இல்லை, அது ஆண்டவர் கையிலை, படையல் வைச்சா அந்த ஆண்டவரை நம்பேல்லை எண்டு ஆகிடும், அதாலைதான் உங்களாலை நிக்க ஏலாமல் இருக்கு. சரியோ?" என்பது திரும்பச் சொல்வது. இதைச் சொன்னதால் நீங்கள் அதை ஒத்துக்கொண்டதாக ஆகாது. அவர் அனேகமாக, "அப்பிடி இல்லை" என்று ஒன்றைத் திருத்துவார். திருத்தட்டும். அந்தத் திருத்தத்தில்தான் உங்களுக்குத் தெரியாத அண்ணா இருக்கிறார். மூன்றாம் தரத்தில் அவர் "ஓம்" என்றால், இந்த ஒரு வருடத்தில் அவர் உங்களைப் பார்த்துச் சொன்ன முதல் "ஓம்" அதுவாக இருக்கும். பிறகு அவரிடம் நீங்கள் கேட்கலாம்: "இனி நான் சொல்லுறதை நீங்கள் அப்பிடிச் சொல்லிப் பாருங்கோ."

எங்கள் மண்ணில் இதற்கு உதாரணம் என்று ஆறுமுக நாவலரைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சண்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் 1840களில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழில் கொண்டுவர உழைத்தவரும் அவர்தான். வரிவரியாகப் படித்தவர். 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதியபோது, சைவக் கிரியைகளைப் பழித்தவர்களுக்குப் பழைய ஏற்பாட்டில் உள்ள ஆலயக் கிரியைகளையே எடுத்துக் காட்டிப் பதில் சொன்னார். எதிராளியின் நூலை எதிராளி அளவுக்குத் தெரிந்துகொண்டு மோதியவர். அந்த அறிவு எனக்கு மதிப்பு. ஆனால் அது வாதம். பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் பார்ப்பவர்களுக்காக நடந்தது. வீட்டு விறாந்தையில் அதே முறை சரிவராது, ஏனென்றால் அங்கே வென்றவனும் தோற்றவனும் இரவுக்கு ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும். வீட்டுக்குள் நடந்ததற்கு வேறொரு குடும்பம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவராக வளர்ந்து சைவத்துக்கு வந்தவர். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். அந்தக் கிங்ஸ்பெரி பாதிரியார்தான் 1921இல் பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். விட்டுப்போன வீட்டின் பாட்டை அவர் வெறுக்கவில்லை. உங்கள் அண்ணாவுக்கு அம்மா பாடின தேவாரம் ஒன்றாவது மனப்பாடமாக இருக்கும், பந்தயம் கட்டலாம். பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். இருக்கும் என்று உங்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒருவருடைய நம்பிக்கைக்கு எதிரான உண்மையைக் காட்டினால் அவர் அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார் என்று ஒரு காலம் நானும் வகுப்புகளில் சொல்லி வந்தேன். நைஹன், ரைஃப்ளர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர் 2010இல் அப்படி எழுதியிருந்தார்கள். பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் 52 விடயங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில் அந்த எதிர்விளைவு அகப்படவே இல்லை என்று சொல்லலாம். ஆகவே உண்மையைச் சொல்லவே கூடாது, சொன்னால் கெடும் என்பதை நான் இப்போது சொல்வதில்லை. இன்னொன்று: 2016இல் புரூக்மன், கல்லா என்பவர்கள் மியாமி நகரில் செய்த சோதனை. திருநங்கையர் பற்றிய வெறுப்பைக் குறைக்க, 56 பேர் 501 வாக்காளர்களின் வாசலுக்குப் போனார்கள். பத்து நிமிடம் அளவிலான கதை. வாதம் இல்லை. "நீங்கள் வேறு மாதிரி இருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை யாராவது ஒதுக்கியது உண்டா?" என்ற மாதிரிக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் அந்த மாற்றம் நின்றது. நல்ல செய்தி. ஆனால் அது முன்பின் தெரியாதவர்களிடம், அமெரிக்காவில், ஓர் அரசியல் விடயத்தில் நடந்தது. அண்ணனும் தங்கச்சியும் அம்மாவின் திவசத்தைப் பற்றிக் கதைப்பதற்கு அதை அப்படியே அளவாக வைக்க முடியாது. கேட்பது பயன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்டால் அவர் மாறுவார் என்பதற்கு நான் பிணை நிற்கமாட்டேன். என் அனுபவத்தில், ஒரே இருப்பில் வாதத்தால் சமயம் விட்டவர் ஒருவரையும் காணவில்லை.

நான் கேட்கத் தவறிய இடம் ஒன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் பெரிய மனுசத்தனமாகிவிடும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். கனபேர் புத்தளத்தில் அகதிகளாக இருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்த ஒரு வியாபாரியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஒரு நோன்புக்காலத்தில் அவர் அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் நாலு வசனம் சொல்ல முன்னம் நான், "நாங்களும் 95இலை ஒரே இரவிலை இடம்பெயர்ந்தனாங்கள்தானே" என்றேன். உண்மைதான், நாங்கள் செம்மணி வழியாக நடந்தோம், மழை பெய்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார். "ஓம் மாஸ்டர், உங்களுக்கும் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணப் போனார். அவருடைய கதையின் நடுவில் என் கதையைக் கொண்டுபோய் வைத்தேன். அதுவும் அந்த நேரத்தில் எங்கள் பெடியள் ஆயுதத்தோடு நின்றதையும், ஊரில் நான் உட்பட ஒருவரும் வாய் திறக்காததையும் கேட்க எனக்குப் பயம். பல மாதம் கழித்துப் போய், "அண்டைக்கு நீங்கள் சொல்ல வந்ததை நான் கேக்கேல்லை. இப்ப சொல்லுவியளோ?" என்று கேட்டேன். சொன்னார், முழுவதையும் அல்ல. நான் எழுந்து வரும்போது, "நீங்கள் அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்டார். வீட்டுக்குள் என்றேன். அது உண்மை. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, மனம் திறந்து கதைப்பதில் எனக்கும் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் கையில் இல்லாமல் போகக் கூடாது என்பது.

உங்களுக்கும் வரும். "தங்கச்சி, நீ பிண்டம் வைக்கிறது அம்மாவுக்குப் போகுது எண்டு நம்புறியா?" என்று அண்ணா கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் கிறிஸ்தவச் சிநேகிதர் ஒருவர் என்னிடம், கேலியாக இல்லை, உண்மையாக அறியத்தான், "காகத்துக்கு ஏன் வைக்கிறீங்கள்?" என்று கேட்டபோது, அறுபது வருடமாக வைத்த எனக்குப் பதில் வரவில்லை. அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிறவன், அம்மாவுக்குச் சித்திரைப் பௌர்ணமி விரதம் பிடிக்கிறவன் நான். யோசித்துப் பார்த்துக் கடைசியில் சொன்னேன்: "போய்ச் சேருதோ தெரியாது. வைக்காமல் இருக்க என்னாலை ஏலாது." யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொன்ன "நாமறியோம்" என்பதை நாங்கள் சுவரில் எழுதி மாட்டுகிறோம், வாயால் சொல்ல வெட்கப்படுகிறோம். நான் அதைச் சொன்ன பிறகு அந்தச் சிநேகிதர், தனக்கும் ஜெபிக்கும்போது எதிரில் ஆள் இருப்பதாகத் தெரியாத நாட்கள் உண்டு என்றார். அதற்கு முன் முப்பது வருடப் பழக்கத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. ஆகவே போவதற்கு முன் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்: அண்ணா திவசத்துக்கு வர வேண்டும் என்பது அம்மாவுக்காகவா, உங்களுக்குத் தனியே நிற்கப் பயம் என்பதாலா, அல்லது மாமி வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதாலா? மூன்றும் கலந்திருந்தாலும் வெட்கமில்லை. மாமி வீட்டைக் கடவுள் என்று பெயர் மாற்றாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றை ஒளிக்க வேண்டாம். "நான் உங்களை மாத்த வரேல்லை" என்று தொடங்கச் சிலர் சொல்லித்தருவார்கள். அது உண்மையானால் சொல்லுங்கள். அவர் திரும்பி வந்தால் சந்தோஷப்படுவேன் என்பது உங்கள் அடிமனதில் இருந்தால், அவர் கேட்கும்போது ஓம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் நீங்கள் சபைக்கு வர வேண்டும் என்ற ஆசை இருக்கும். இரட்சிக்கப்பட வேண்டும் என்று உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவராகவும் இருக்கலாம். இரண்டு ஆசையும் மேசையில் இருந்தால் ஒருவரும் மற்றவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஒளித்து வைத்தால், நீங்கள் கொடுக்கிற தேத்தண்ணியிலும் அவர் தூண்டில் தேடுவார்.

நம்பிக்கையையும் செய்கையையும் பிரித்துக் கதைப்பது எங்கள் அமர்வுகளில் கைகொடுத்த இன்னொரு வழி. "திவசத்துக்கு வாறியளோ இல்லையோ" என்று கேட்டால் இல்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. திவசம் ஒரே செய்கை அல்ல. ஐயரின் முன்னால் தர்ப்பை போட்டு இருப்பது ஒன்று, முற்றத்தில் நிற்பது ஒன்று, முதல் நாள் மரக்கறி வெட்டுவது ஒன்று, சாப்பிடுவது ஒன்று, அம்மாவின் படத்துக்கு முன் பேசாமல் ஒரு நிமிடம் இருப்பது ஒன்று. இதில் எது அவருக்கு ஏலாது, எது ஏலும் என்பதை அவரே சொல்ல வேண்டும். அனேகமாகப் படையல் சோறு ஏலாது என்பார். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் வருகிறது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அதைப் பலவிதமாக எடுக்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டு போய் அவருக்கு வேதம் விளக்க வேண்டாம், தயவுசெய்து. அவருடைய தயக்கம் உங்களை அவமதிக்கக் கண்டுபிடித்த சாட்டு அல்ல, இரண்டாயிரம் வருடக் கேள்வி என்று நீங்கள் அறிந்திருக்கத்தான் சொல்கிறேன். படைக்காத சோறு ஒரு பானை தனியே வைக்க உங்கள் பக்கத்தில் இடம் உண்டா என்பதை நீங்களும் சொல்ல வேண்டும். சைவ ஆசாரப்படி சிலர் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சித்தப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு உண்மை, மறைக்காமல் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

பார்வையாளர் இருந்தால் கதை பழுதாகும். இது எனக்கு ஐயமே இல்லாத ஒன்று. வைபர் குழுவில் டொரண்டோ அக்காவும் லண்டன் சித்தியும் வாசித்துக்கொண்டிருக்க, அண்ணா தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்வார், நீங்கள் குடும்ப மானத்துக்குச் சாட்சி சொல்வீர்கள். அங்கே இந்த விடயத்தை எழுதாதீர்கள். போதகரைக் கூட்டிவர அவர் விரும்பினால் முதல் தரம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நீங்களும் கோயில் ஐயரையோ, தமிழ் வாத்தியாரையோ, என்னைப் போன்ற ஒரு மத்தியஸ்தக்காரனையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "ஏன் மாறினீங்கள்?" என்று கேட்க வேண்டாம். ஏன் என்பது எங்கள் காதில் குற்றப்பத்திரம் மாதிரி விழும். "முதல் முதல் அங்க போனது எந்த நாள், ஆர் கூட்டிக்கொண்டு போனது?" என்று கேளுங்கள். அந்த நாளில் அவருக்கு ஒரு கடன் இருந்திருக்கலாம், ஒரு வருத்தம் இருந்திருக்கலாம், நாங்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத ஒரு மாதம் இருந்திருக்கலாம். அப்படி ஒன்று வெளிவந்தால் அதற்குப் பதில் சமயத்தில் இல்லை.

வாயைத் திறக்காமல் இருப்பதா என்ற உங்கள் மற்றக் கேள்விக்கு: சில நேரம் அதுவும் சரி. பதினைந்து வருடம் சமயம் பற்றி ஒரு சொல் கதைக்காமல், ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் தண்ணீர் மாறிக்கொண்டு நன்றாக வாழ்ந்த சகோதரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கதைக்காததில் கோபம் இருக்கவில்லை. உங்கள் மௌனத்தில் கோபம் இருக்கிறது என்று உங்கள் எழுத்தே சொல்கிறது, அதனால்தான் கதைக்கச் சொல்கிறேன். ஒருவர் மற்றவரை அடிக்கிற வீடு, காசைப் பறிக்கிற இடம், மருந்தை நிற்பாட்டிவிட்டு ஜெபத்தால் அல்லது நூல் கட்டிச் சுகமாக்குகிறோம் என்கிற நிலைமை, இவற்றுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் வைத்தியர், பொலிஸ், சட்டம். நான் உளவளத்துணையாளரும் அல்ல. அம்மா போன துக்கமே இன்னும் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருந்தால், அண்ணாவிடம் போக முன்னம் ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருப்பவர்களிடம் கதையுங்கள்.

திவசத்துக்கு இன்னும் ஐந்து கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அது காணும். ஃபோனில் தொடங்க வேண்டாம். அவர் வேலையால் வருகிற நேரம் பார்த்து நேரே போங்கள், ஞாயிறு வேண்டாம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது கொண்டு போங்கள், கோயில் பிரசாதம் அல்லாமல் கடையில் வாங்கியது. முதல் நாள் திவசத்தை எடுக்காதீர்கள். படலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்: "அண்டைக்கு எவ்வளவு நேரம் அண்ணா வெளியிலை நிண்டனீங்கள்? வெயிலும் கடும் வெயில்." அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த கிழமை திரும்பப் போகலாம்.